கடலோர ரயிலும் நாலடுக்குக் கேரியரும்

எங்கள் காஞ்சிபுரம் ஸ்டேஷனில் காலையில் வந்து நிற்கும் மின்சார ரயிலின் நெற்றியில் 'கடற்கரை' என்று எழுதியிருக்கும். அதில் ஏறிப்போய்க் கடலைப் பார்த்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் ரோட்டுக்கு அப்பால் துறைமுகத்து மதில்தான் நிற்கும். மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர் என்று நிஜமாகவே கடலை ஒட்டி ஒரு ரயில் பாதை வரப்போவதாக வெகு காலமாகப் பேச்சு. அந்தப் பேச்சு காதில் விழ ஆரம்பித்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் மகளுக்குக் கல்யாண வயதே வந்துவிட்டது. ரயில்தான் வரவில்லை.

ஆகவே கடலோர ரயில் என்ற ஒன்றை நான் முதலில் பார்த்தது இலங்கையில். அதுவும் ரயில் பார்க்கப் போகவில்லை, மாப்பிள்ளை பார்க்கப் போனோம்.

எனக்குக் காந்தி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பாத்திரக் கடை. வீடு செவிலிமேட்டில். பூர்வீகம் திருப்பருத்திக்குன்றம். காஞ்சிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டும் கோபுரமும்தான். நாங்கள் ஜைனர்கள், தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி நிலம் உழுதவர்கள் என்று சொன்னால், 'அப்ப நீங்க சேட்டா' என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் சிரித்துவிட்டுத் தராசைப் பார்க்கிறேன்.

என் மனைவி பத்மா நியமக்காரி. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பாள். பொழுது சாய்ந்துவிட்டால் வாயில் ஒரு பருக்கை போகாது. நான் அவ்வளவு இல்லை. கடையை மூடிவிட்டு வரும் வழியில் பஸ் ஸ்டாண்டு தோசைக்கல் என்னைக் கூப்பிட்டால் போய்விடுவேன். அது அவளுக்கும் தெரியும், பேச்சு வளர்க்க மாட்டாள்.

மகள் அட்சயா கணினியில் வரைபடம் போடும் வேலைக்குப் போனவள். சென்னைக் கம்பெனி அவளைக் கொழும்புக்கு அனுப்பியது. போன இடத்தில் சிங்களமும் கற்றுக்கொண்டாள். அங்கே நிஷாந்த என்ற சிங்களப் பையனைக் கட்டிக்கொள்ள விரும்புவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள். பௌத்தர்கள், அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றாள். அம்மா வேண்டாம் என்றால் செய்ய மாட்டேன், ஆனால் வேறு யாரையும் செய்துகொள்ளவும் மாட்டேன் என்றாள். சண்டை போட்டிருந்தாலாவது நாங்களும் பதிலுக்குப் போட்டிருக்கலாம்.

பத்மா மூன்று வேளையும் யோசித்தாள். பிறகு, போய்ப் பார்க்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். முடிவு அவள் கையில் என்று நானும் ஒதுங்கிக்கொண்டேன். ஆனி மாதம் பாதி போயிருந்தது. ஆடி பிறந்தால் நல்ல காரியம் பேச முடியாது என்பதால் அவசரமாகக் கிளம்பினோம்.

முதல் நாள் கொழும்பில் வெள்ளவத்தைப் பகுதியில் ஒரு விடுதியில் இறங்கினோம். தெருவில் பாதிக்குமேல் தமிழ்ப் பலகைகள். சைவ ஓட்டல், நகைக் கடை, கல்யாண மண்டபம் எல்லாம் இருந்தன. எங்கள் ராஜ வீதியில் ஒரு துண்டை வெட்டிக் கடலோரம் வைத்த மாதிரிதான் இருந்தது, பட்டுப் புடவை விலையைத் தவிர. பத்மா முதல் வேலையாக விடுதிக் குழாயின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டினாள். அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் அதைக் கண்டு குழாய் ஒழுகுகிறது என்று நினைத்துச் சரிசெய்ய ஆளைக் கூட்டி வந்துவிட்டாள்.

சாயங்காலம் தெருக்கோடிக்கு நடந்தோம். தெரு முடிகிற இடத்தில் தண்டவாளம், தண்டவாளம் முடிகிற இடத்தில் கடல். நடுவில் கருங்கல் குவியலைத் தவிர வேறெதுவும் இல்லை. வேலி இல்லை, எச்சரிக்கைப் பலகையை யாரும் மதிக்கவும் இல்லை. காதலர்கள் கல்லின் மேல் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். ரயில் வந்தபோது வாசல்களில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். நம் தாம்பரம் ரயிலிலும் தொங்குவார்கள், ஆனால் முகத்தில் ஒரு கடுப்பு இருக்கும். இங்கே தொங்குகிறவர்கள் காற்று வாங்குவது போலத் தெரிந்தது.

பத்மா ரயிலைக் கவனிக்கவில்லை. சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமல்லபுரத்தில் சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்த்திருக்கிறாள், கடலில் இறங்குவதைப் பார்த்ததில்லை. செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு மாடிக் குடியிருப்பு வந்ததிலிருந்து பொழுது எப்போது சாய்கிறது என்பதில் அவளுக்கும் அவள் தங்கைக்கும் தகராறு. இங்கே அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

"நம்ம பக்கம் மாதிரி ஊகிச்சுக்கினு இருக்கத் தேவையில்ல. கண்ணால பாத்து சாப்பிடலாம்," என்றாள். இலங்கையைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

இரண்டாம் நாள் காலை நிஷாந்த எங்களைப் பார்க்கச் சைவ ஓட்டலுக்கு வந்தான். ஒல்லியான பையன், வெயிலில் நின்று நின்று கறுத்த கழுத்து. இட்லியைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டான். பத்மா பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் பேசிய ஆங்கிலத்தை அட்சயா தமிழாக்கிக்கொண்டே வந்தாள்.

அவன் வேலையும் அந்த ரயில் பாதைதான். கடல் வருஷத்துக்கு வருஷம் கரையைத் தின்கிறது. தென்மேற்குப் பருவக் காற்றில் அலை எழும்பி, அரணாகப் போட்ட கல்லையே தூக்கித் தண்டவாளத்தில் எறிகிறது. என்ன செய்வது என்று அளந்து சொல்வது அவன் வேலை. போனில் வரைபடத்தைக் காட்டினான். கல்லைக் கொட்டிக்கொண்டே இருப்பது ஒரு வழி, பாதையை மேடாக்குவது ஒரு வழி, ஆபத்தான துண்டுகளை ஊருக்குள் நகர்த்துவது ஒரு வழி. மூன்றுக்கும் மூன்று நிறத்தில் கோடு. அந்தக் கோடுகளை வரைந்தது எங்கள் மகள். இப்படித்தான் பழக்கம் என்று புரிந்தது.

பத்மா வரைபடத்தை உற்றுப் பார்த்துவிட்டு, உள்ளே நகர்த்தினால் அங்கே இருக்கும் வீடுகள் என்ன ஆகும் என்று கேட்டாள். சில வீடுகள் போகும் என்றான். எந்த வீடுகள் என்று விடாமல் கேட்டாள். அவன் பச்சைக் கோட்டில் ஒரு இடத்தைத் தொட்டு, இது என் அப்பாவின் வீடு என்றான். அதன் மேலேயே கோடு போனது. தள்ளிப் போட்டிருக்கலாமே என்றேன். தள்ளினால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் மேல் போகும் என்றான்.

அன்று மத்தியானம் அறைக்குத் திரும்பியதும் பத்மா, "சொந்த வூட்டு மேலயே கோடு போட்டுக்கினு நம்ம கிட்ட காட்டறான்," என்றாள். அது புகாரா பாராட்டா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் புகாராக மாறக்கூடும்.

மூன்றாம் நாள் காலை நாங்கள் நால்வரும் தெற்கே போகும் ரயிலில் ஏறினோம். ஹிக்கடுவைப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனை ஒட்டி அவர்கள் வீடு. மத்தியானம் அங்கே பார்த்துப் பேசிவிட்டு, பொழுதோடு வெள்ளவத்தைக்குத் திரும்பிச் சைவ ஓட்டலில் பத்மா சாப்பிட்டுவிடுவதாகத் திட்டம். திட்டத்தைப் போட்டவள் அட்சயா. ரயில் அந்தத் திட்டத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது பிறகு தெரிந்தது.

பெட்டியில் கூட்டம். ஒரு ஆள் கூடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, வடை வடை என்று கூவி வந்தான். அந்தச் சத்தத்தில் எனக்கு ஊர் ஞாபகம் வந்து கையை நீட்டிவிட்டேன். அவன் காகிதத்தில் வைத்துக் கொடுத்தான். பருப்பு வடைதான், ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு முழு இறால், மீசை கண் எல்லாம் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. பத்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிரே இருந்த கிழவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு என் சங்கடத்தைத் தீர்த்துவைத்தார்.

நிஷாந்த பாதையின் பழங்கதையைச் சொல்லிக்கொண்டு வந்தான். வெள்ளைக்காரர்கள் கொழும்பிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நீட்டியிருக்கிறார்கள். பிறகு மாத்தறையோடு வெகு காலம் நின்றது. இப்போது பெலியத்தை வரை போகிறது, கதிர்காமம் வரை கொண்டுபோகும் பேச்சு இருக்கிறது. கதிர்காமம் என்றதும் எனக்கு முகம் மலர்ந்தது, முருகன் எங்கள் சாமி இல்லாவிட்டாலும். போர் முடிந்த பிறகு பாதையைச் சீர்செய்ய நம் நாட்டிலிருந்தும் உதவி வந்ததாம். ஊரில் வராத கடலோர ரயிலுக்கு இங்கே உதவியிருக்கிறோம் என்பதில் ஒரு சின்னத் திருப்தி.

ஓரிடத்தில் பெட்டியில் பேச்சு தானாகத் தணிந்தது. சுனாமி வந்த அன்று கடல் ஒரு ரயிலையே புரட்டிப் போட்ட இடம் என்று அட்சயா மெல்லச் சொன்னாள். தண்டவாளத்தின் ஓரம் நினைவுச் சின்னம் ஓடி மறைந்தது. தனுஷ்கோடியில் புயலில் போன ரயிலைப் பற்றி நம்மவர்கள் சொல்வதை நான் நினைத்துக்கொண்டேன். எதிரே இருந்த கிழவர் வடையைக் கீழே வைத்துவிட்டு, அந்த இடம் தாண்டிய பிறகுதான் மறுபடி எடுத்தார். கதையாகக் கேட்டபோது தோன்றாத பயம் அப்போது எனக்குத் தோன்றியது.

நிஷாந்தவின் அப்பா பியதாச ஸ்டேஷனுக்கே வந்து காத்திருந்தார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். வடக்கே வவுனியாப் பக்கம் வேலை பார்த்த காலத்தில் கற்ற தமிழை நிறுத்தி நிதானமாகப் பேசினார். வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். வாசலில் அவர் மனைவி குசுமா நின்றிருந்தார். வெள்ளைச் சேலை, நரைத்த கொண்டை, கையை எங்கே வைப்பது என்று தெரியாத பதற்றம். பத்மாவும் அதே பதற்றத்தில்தான் இருந்தாள்.

கூடத்தில் சாப்பாடு பரப்பியிருந்தது. பால்சோற்றைத் துண்டுகளாக வெட்டி அடுக்கியிருந்தார்கள். பலாக்காய்க் கறி, பருப்பு, கீரை, வெல்லப் பாகில் கிளறிய தேங்காய். எல்லாம் மண் சட்டிகளில். பாத்திரக் கடைக்காரன் கண் எங்கே போகும், சட்டியின் அடிக்குத்தான் போகும். எல்லாச் சட்டிகளின் அடியிலும் ஒரே ஒரு நாள் கரிதான் இருந்தது. மீன் சமைத்த பாத்திரம் எதுவும் எங்களுக்கு ஆகாது என்று மொத்தமாகப் புதிதாக வாங்கிச் சமைத்திருக்கிறார்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு, பொழுது எல்லாவற்றையும் அட்சயா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைக்க மாட்டோம். கை நனைத்தால், அதாவது அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால், சம்மதம் என்று அர்த்தம். முடிவாகும் வரை தண்ணீரோடு சரி. அம்மா இதையெல்லாம் இங்கே பார்க்க மாட்டாள் என்று அட்சயா நினைத்துவிட்டாள். இத்தனை வருஷம் அம்மாவோடு இருந்தும் அவளுக்குத் தெரியவில்லை.

பத்மா சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும், அவள் பொய் சொல்ல மாட்டாள். "இன்னொரு நாள் சாப்பிடறோம்," என்று மட்டும் சொன்னாள். பியதாச அதைச் சிங்களத்தில் சொன்னார். குசுமா ஒரு செவ்விளநீரைச் சீவிக் கொண்டுவந்து தந்தார், அதை மட்டும் பத்மா வாங்கிக் குடித்தாள். பிறகு குசுமா சட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டு போட்டு மூடினார். மூடும்போது கணவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பியதாச அதை எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை. அட்சயா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள். மனைவி கை நனைக்காதபோது நான் நனைக்க முடியுமா. பலாக்காய்க் கறியின் வாசனையை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசினோம். பியதாச ஒற்றைத் தடத்தில் எதிரெதிர் ரயில்களை எப்படி விடுவார்கள் என்று எனக்கு விளக்கினார். நல்ல விளக்கம், நான் பாதிதான் கேட்டேன். கிளம்பும்போது பத்மாவும் குசுமாவும் கும்பிட்டுக்கொண்டார்கள். இரண்டு பேர் முகத்திலும் ஒன்றும் இல்லை.

பத்மாவும் அட்சயாவும் முன்னால் போக, ஸ்டேஷனுக்குப் பியதாச என்னோடு நடந்து வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கை நனைக்கிற வழக்கத்தை அவரிடம் விளக்கிச் சொன்னேன், உங்கள் வீட்டின் மேல் குறை ஒன்றும் இல்லை என்றேன். அவர் நின்று கேட்டுவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். அதற்குள் குசுமா பின்னாலேயே வேகமாக வந்துவிட்டார். கையில் நாலடுக்கு எவர்சில்வர் கேரியர். பியதாச அவரிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு ஏதோ சொல்லி, கேரியரை என் கையில் கொடுத்தார்.

"குசுமா சொல்கிறாள், இது வீட்டுச் சாப்பாடு இல்லை ஐயா, ரயில் சாப்பாடு," என்றார் பியதாச. "வீட்டு வாசலைத் தாண்டிவிட்டது. இதற்கு உங்கள் சட்டம் இல்லை."

அவர் வீட்டு வழக்கம் அது. சுனாமி நாளில் அவர் வேலை பார்த்த ஸ்டேஷனில் ஒரு ரயில் மேலே போக முடியாமல் நின்றுவிட்டதாம். பயணிகளுக்குக் குடிக்கக்கூட எதுவும் இல்லை. குசுமாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கையில் கிடைத்ததைச் சமைத்துப் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டிலிருந்து யார் ரயில் ஏறினாலும், அடுத்த ஸ்டேஷனுக்கே போனாலும், சாப்பாடு இல்லாமல் குசுமா அனுப்புவதில்லை. நான் கேரியரை வாங்கிக்கொண்டேன். நல்ல கனம்.

நிஷாந்த ஊரிலேயே தங்கிவிட்டான். திரும்பும் ரயிலில் நாங்கள் மூவர் மட்டும். பத்மாவுக்குக் கடல் பக்கத்து ஜன்னல் கிடைத்தது. கேரியரைப் பார்த்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அதைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டேன். ரயில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகி, ஊரும் இல்லாத ஸ்டேஷனும் இல்லாத ஓரிடத்தில், ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் கடல் என்று நின்றுவிட்டது. முன்னால் அலை கல்லைத் தூக்கித் தண்டவாளத்தில் போட்டிருக்கிறது, ஆட்கள் வந்து எடுக்க வேண்டும் என்று சேதி வந்தது. யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. ஒரு குடும்பம் சாப்பாட்டைப் பிரித்தது.

வெள்ளவத்தைச் சாப்பாடு போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பத்மா காலையில் இட்லி சாப்பிட்டவள். இனி மறுநாள் காலைதான்.

அட்சயா அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, அவங்க சட்டிய மூடும்போது இன்னா கேட்டாங்க தெரியுமா?" என்றாள். "'நம்ம சமையல்கட்டுல இன்னும் மீன் வாசனை வருதா'ன்னு கேட்டாங்க. நேத்து முழுக்க கழுவிக்கினே இருந்தாங்களாம்மா."

அந்தச் சட்டிகள் எல்லாம் புதுசு, நான் அடியைப் பார்த்தேன் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

"நானும் பாத்தேன்," என்றாள் பத்மா. "பாத்திரக்காரன் பொண்டாட்டிக்கு அதுகூடத் தெரியாதா. அதுக்கோசரம் ஒரே நாள்ல எப்டிங்க முடிவு பண்றது. பொண்ணக் கடல் தாண்டிக் குடுக்கறது."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. நான் அவள் கையைத் தொட நினைத்தேன், கூட்டத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். மாப்பிள்ளை நல்லவனா என்பது அல்ல அவள் கேள்வி என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சூரியன் கடலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. இறங்கும் வேகம் கண்ணுக்கே தெரிந்தது. அட்சயாவுக்குப் பக்கத்தில் இருந்த டீச்சர் மாதிரியான ஒரு பெண், உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று அவளிடம் கேட்டாள். அட்சயா சிங்களத்தில் ஏதோ சொன்னாள். பொழுது சாய்ந்தால் அம்மா சாப்பிட மாட்டாள் என்று சொல்லியிருக்கிறாள். அது வரிசை வரிசையாகப் பெட்டிக்குள் பரவிற்று. நம் ஊர் ரயிலில் இதைச் சொன்னால் காரணம் கேட்டு விவாதம் நடந்திருக்கும். இங்கே ஒருவரும் காரணம் கேட்கவில்லை. ஒரு முதியவர் சொன்னதை அட்சயா தமிழில் சொன்னாள். பௌர்ணமியில் சீலம் என்ற விரதம் காக்கிற நாளில் அவர்கள் உச்சிப்பொழுதுக்கு மேல் சாப்பிடுவதில்லையாம். உங்களுக்குச் சாயங்காலம் வரை விட்டிருக்கிறார்கள், கொடுத்து வைத்தவர்கள் என்றார்.

நான் கேரியரை மடியில் எடுத்து வைத்தேன். இது ரயில் சாப்பாடு, இதற்குக் கணக்கில்லை, அந்த அம்மாளே அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார்கள் என்று பத்மாவிடம் சொன்னேன்.

பத்மா கேரியரைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். அட்சயா அவளைப் பார்க்காமல் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பரீட்சைத் தாள் வரும் நாளில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்.

"சாப்பாட்டுல இன்னாங்க வூட்டு சாப்பாடு, ரயில் சாப்பாடு," என்றாள் பத்மா. "சாப்ட்டா சாப்ட்டதுதான். தண்ணிய ஊத்துங்க."

வடிகட்டிய தண்ணீர் பாட்டிலை நான் சாய்த்தேன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கழுவினாள். அட்சயா கேரியரைத் திறந்தாள், கொக்கி இரண்டு தரம் நழுவிற்று.

அதற்குள் அடிவானத்தில் ஒரு மேகம் வந்து சூரியனை மறைத்துவிட்டது. இருக்கிறதா போய்விட்டதா என்று ஜன்னலிலிருந்து தெரியவில்லை. பத்மா பால்சோற்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். வாசலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு இளைஞன் இன்னும் வெளியே சாய்ந்து பார்த்து, இருக்கிறது இருக்கிறது என்று உள்ளே சொன்னான். டீச்சர் அதை அட்சயாவிடம் சொல்ல, அட்சயா அம்மாவிடம் சொன்னாள். மேகத்துக்குக் கீழே சூரியன் மறுபடி தலைகாட்டியபோது பெட்டியில் பாதிப் பேர் கடல் பக்கம் எழுந்து நின்று எங்களுக்காக அதைக் காவல் காத்தார்கள். பாதி இருக்கிறது, அவசரப்படாமல் சாப்பிடச் சொல் என்று யாரோ சொன்னார். ஒரு நகக்கீற்று இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார்.

பத்மா பால்சோறும் பலாக்காயும் சாப்பிட்டாள். வெல்லத் தேங்காயைக் கடைசியில் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை, ஆனால் மிச்சம் வைக்கவில்லை. நானும் அட்சயாவும் கூடவே சாப்பிட்டோம். பசியில் எனக்குச் சுவை தெரிந்ததா என்று இப்போது சொல்ல முடியவில்லை. வாசல்காரன் கையை விரித்து, போய்விட்டது என்று காட்டினான். பத்மா அப்போது கை கழுவிக்கொண்டிருந்தாள்.

ரயில் கிளம்பியது. கேரியரைக் கழுவித் தரும்படியும், தானே அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாகவும் அட்சயா சொன்னாள். பத்மா தரவில்லை.

"வெறும் கேரியர திருப்பிக் குடுக்கறது நம்ம வழக்கம் இல்லமா. நான் ஊருக்கு எடுத்துக்கினு போறேன். ஆடி போவட்டும், அவங்க ரெண்டு பேரையும் வந்து வாங்கிக்கினு போகச் சொல்லு."

அட்சயா அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். டீச்சர் என்னைப் பார்த்து என்ன என்று புருவத்தால் கேட்டாள். எனக்குச் சிங்களம் தெரியாது, கேரியரைக் காட்டிச் சிரித்தேன்.

நாலாம் நாள் ஊர் திரும்பினோம். கேரியர் எங்கள் சமையலறை அலமாரியில் இருக்கிறது. கெட்டித் தகடு, கொக்கி சுத்தமான வேலை, என் கடையில் அதைவிட நல்லது இல்லை. சுக்கும் மிளகும் போட்ட கோயில் இட்லியை அதில் வைத்துக் கொடுப்பதென்று பத்மா தீர்மானித்திருக்கிறாள். அந்த இட்லி எந்த ரயில் எங்கே நின்றாலும் தாங்கும் என்பது அவள் கணக்கு.

போன வாரம் பியதாச போன் செய்தார். ஆவணி முதல் வாரம் வருகிறார்கள். சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு எப்படி வருவது என்று கேட்டார். கடற்கரை ஸ்டேஷனிலிருந்தே நேராக ரயில் இருக்கிறது என்றேன். வழியில் கடல் தெரியுமா என்றார். தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன். பரவாயில்லை, எதற்கும் குசுமா சாப்பாடு கட்டிக்கொண்டுதான் வருவாள் என்றார்.

பத்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள். "கேரியர் எங்க கிட்ட இருக்குது சம்பந்தி," என்றாள். "எதுல கட்டிக்கினு வருவீங்க?"